செல்போன் காட்டும் வடக்கு

செல்போனில் திசைகாட்டிச் செயலியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு வட்டம் வரும். அதன் கீழே ‘247° தென்மேற்கு’ என்று ஓர் எண் இருக்கும். 245 இல்லை, 250 இல்லை, 247. இந்தத் துல்லியத்தின் மீதுதான் எனக்குப் புகார். மலையேறுகிறவர்களில் பலர் இன்று தனியாகக் கம்பாஸ் எடுத்துப் போவதில்லை. கேட்டால், “அதான் போன்லயே இருக்கே” என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. அது எதை அளந்து 247 என்று சொல்கிறது, எப்போதெல்லாம் அளக்காமலேயே சொல்கிறது என்பதுதான் கேள்வி.

2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி டிரீமிலேயே காந்த உணரி இருந்தது. அடுத்த ஆண்டு ஐபோன் 3ஜிஎஸ் வழியாக அது ஆப்பிளுக்கும் வந்தது. பல போன்களில் இந்த உணரி வேலை செய்வது 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவை வைத்து. மின்சாரம் ஓடும் மெல்லிய தகட்டின் மேல் காந்தப்புலம் படும்போது அதன் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும். அதை மூன்று அச்சுகளில் அளக்கிறது அரிசிமணியைவிடச் சிறிய ஒரு சில்லு. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான் இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சாதாரணக் காந்தம் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் வலிமை உள்ளது. போனுக்குள்ளேயோ ஸ்பீக்கரில் ஒரு காந்தம், கேமரா லென்ஸை நகர்த்தும் பொறியில் ஒன்று, அதிர்வு மோட்டாரில் ஒன்று, அண்மைக் காலப் போன்கள் சிலவற்றில் முதுகுப் பக்கம் ஒரு காந்த வளையமே இருக்கிறது. வீட்டுக்குள் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது தெருவில் யாரோ மெதுவாகப் பேசுவதைக் காதில் வாங்குவது போன்ற வேலை அது.

அந்தச் சத்தத்தைக் கழிப்பதற்குத்தான் போனைக் காற்றில் எட்டுப் போடச் சொல்கிறார்கள். இதைச் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இதற்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. போனை எல்லாப் பக்கமும் புரட்டும்போது போனின் சொந்தக் காந்தங்கள் சில்லோடு சேர்ந்தே திரும்புகின்றன, ஆகவே அவற்றின் அளவு மாறாது. பூமியின் பங்கு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். மாறாததைக் கண்டுபிடித்துக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பூமி. கழித்த பிறகு காந்தப் பூட்டு வைத்த மடக்குக் கவரை மாட்டினாலோ, முதுகில் ஒட்டும் பவர் பேங்கை ஒட்டினாலோ அந்தக் கணக்கு செல்லாது. காட்டுக்குள் சார்ஜ் தீரக் கூடாதே என்று ஒட்டுகிற அதே பவர் பேங்க் திசையைத் திருப்பிவிடலாம் என்று கடையில் யாரும் சொல்வதில்லை.

இனி நியாயமாக இதன் பலத்தைப் பேசியாக வேண்டும். ‘போனை நம்பாதே, பேப்பர் மேப்பும் கம்பாஸும்தான் உண்மையான மலையேற்றம்’ என்று சொல்லும் பழைய ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளி ஒன்றில் பனிமூட்டம் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருபது அடிக்கு அப்பால் சோலைக்காட்டின் விளிம்பு தெரியாது, எதிர்மலை இல்லவே இல்லை. பேப்பர் மேப்பில் நான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தெரிந்த சிகரங்கள் இரண்டையாவது குறிபார்த்து, கோடு போட்டு, கோடுகள் வெட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும். சிகரம் தெரியாவிட்டால் அந்த வித்தை முழுவதும் வீண். போனோ சிக்னல் இல்லாமலேயே, சிம் இல்லாமலேயே, முன்பே இறக்கிவைத்த மேப்பில் நீலப் புள்ளியைக் காட்டிவிடும். திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போனின் பிழை பொதுவாக 5 மீட்டருக்குள் இருக்கும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. மரங்கள் கூரை போட்ட சோலைக்குள்ளும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் அது பல மடங்கு கூடும். கூடினாலும், பனிமூட்டத்தில் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மனிதனைவிட அது மேல்.

இன்னொரு வசதியும் உண்டு. காந்த வடக்கு வேறு, மெய் வடக்கு வேறு. இரண்டுக்கும் இடையிலான விலக்கத்தை அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்கள் சேர்ந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் உலகக் காந்த மாதிரியிலிருந்து போன் தானே எடுத்துத் திருத்திக்கொள்ள முடியும். காந்த வடமுனை வேகமாக நகர்ந்ததால் 2019 பிப்ரவரியில், ஐந்தாண்டு முடியும் முன்பே அந்த மாதிரியைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. சியாட்டில் பக்கம் விலக்கம் சுமார் 15 டிகிரி. அங்கே திருத்தாமல் நடந்தால் ஒரு கிலோமீட்டரில் 250 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்ச் சேர்வார்கள். தமிழ்நாட்டில் அது இரண்டு டிகிரி அளவில்தான் இருக்கிறது, கண்டுகொள்ளாமல் விட்டாலும் பெரிய நட்டமில்லை.

சொல்லப்போனால் காந்த விஷயத்தில் தென்தமிழகம் கொடுத்துவைத்த பூமி. காந்தப்புலம் தரைக்குள் குத்தாமல் படுத்தவாக்கில் ஓடுகிற காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைப் பக்கமாகத்தான் செல்கிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். அதற்கு வெகு முன்பே, 1855-ல், திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் ஜான் ஆலன் புரூன் அகத்தியமலை உச்சியில் கொட்டகை போட்டுக் காந்த அளவீடுகள் எடுத்தார். இன்று அந்த மலைக்கு ஏறுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், அன்று அந்தக் கருவிகளை மேலே கொண்டுபோய்ச் சேர்த்த சுமைகூலிகளை நினைத்துத்தான் மலைப்பு வருகிறது. கிடைமட்டமாக ஓடுவதால் போனுக்கு என்ன லாபம்? ஸ்வீடனில் காந்தப்புலம் எழுபது டிகிரிக்கு மேல் சரிந்து தரைக்குள் இறங்குகிறது. திசை காட்டப் பயன்படும் கிடைமட்டப் பங்கு அங்கே சுமார் 15 மைக்ரோடெஸ்லாதான் மிஞ்சும். நம் பக்கம் ஏறத்தாழ 40 முழுவதும் கிடைமட்டம். ஆகவே பக்கத்திலுள்ள இரும்பு அங்கே உண்டாக்கும் கோணப் பிழையில் பாதிகூட இங்கே வராது. போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் பெரிதாகக் குடி முழுகாது. செல்போன் கம்பாஸுக்கு உலகில் இதைவிட வசதியான நிலம் கிடைப்பது அரிது.

இவ்வளவு வசதி இருந்தும் கோளாறு எங்கே வருகிறது? போனில் இருப்பவை இரண்டு தனிக் கருவிகள். இருக்கும் இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள், பார்க்கும் திசையைச் சொல்வது காந்தச் சில்லு. முதலாவது மிக நல்ல கருவி. இரண்டாவது சுமார். ஆனால் திரையில் இரண்டும் ஒரே நீலப் புள்ளியாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. புள்ளி பத்து முறை சரியாக இருந்ததைப் பார்த்தவர், பதினோராவது முறை அதிலிருந்து நீளும் அம்பையும் அதே நம்பிக்கையோடு பார்க்கிறார். முதல் கருவி சம்பாதித்த பெயரை இரண்டாவது செலவழிக்கிறது.

இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போது போன் திசையைச் செயற்கைக்கோளிலிருந்தே கணித்துவிடும். சற்று முன் இருந்த இடத்தையும் இப்போதிருக்கும் இடத்தையும் சேர்த்துக் கோடு போட்டால் போதும், காந்தமே வேண்டாம். நின்றுவிட்டால் அந்தக் கணக்கு கிடையாது, காந்தச் சில்லு ஒன்றுதான் கதி. மனிதர்கள் போனை எடுத்துப் பார்ப்பது எப்போது? பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், நின்றுகொண்டு. கருவியின் பலவீனமான உறுப்பு மட்டும் பேசுகிற அந்த நேரத்தில்தான் அதனிடம் கேள்வி கேட்கிறோம். விவரம் தெரிந்த வழிகாட்டிகள், ஏதாவது ஒரு பக்கமாக இருபது முப்பது அடி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முடிவெடுப்பார்கள். புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் அம்பு சொல்வது உண்மையா என்று தெரிந்துவிடும்.

தனக்குச் சந்தேகம் இருப்பது போனுக்குத் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். ஆனால் அதற்குத் தெரியும். ஆண்ட்ராய்டில் காந்த உணரி ஒவ்வொரு அளவீட்டோடும் ‘நம்பகம் அதிகம், நடுத்தரம், குறைவு, நம்பத் தகாது’ என்ற தரக்குறிப்பையும் அனுப்புகிறது. ஐபோனில் திசைப் பிழை இத்தனை டிகிரி வரை இருக்கலாம் என்ற எண்ணே செயலிகளுக்குக் கிடைக்கிறது. கூகுள் மேப்ஸ் ஓரளவு யோக்கியமாக நடந்துகொள்கிறது, சந்தேகம் கூடும்போது நீலக் கற்றையை அகலமாக்கிக் காட்டும். திசைகாட்டிச் செயலிகளில் பெரும்பாலானவை இதை மென்று விழுங்கிவிட்டு ஒற்றை எண்ணை மட்டும் நீட்டுகின்றன. ‘247, முன்பின் 15’ என்று காட்டினால் கடையில் போன் மட்டமாகத் தெரியும் என்று பயப்படுகிறார்களோ என்னவோ. மருத்துவமனை ரத்தப் பரிசோதனைச் சீட்டில்கூட இயல்பான வரம்பு இதிலிருந்து இதுவரை என்று பக்கத்தில் அச்சிடுகிறார்கள். மலையில் வழி தேடுகிறவனுக்கு அந்த மரியாதை கிடையாது.

குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் காந்த உணரியே இருக்காது. செயலி மட்டும் இறங்கிவிடும், வட்டம் அழகாகத் தெரியும், முள் அசையாது அல்லது தோன்றியபடி அசையும். வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் கூட்டத்தில் இதைக் கேட்டவரை நான் பார்த்ததில்லை.

இரும்பின் சேட்டையைப் பற்றி ஊரிலேயே பாடம் படிக்கலாம். போனை மொட்டை மாடித் தரையில் வைத்துத் திசையைப் பாருங்கள், பிறகு இடுப்பளவு உயர்த்திப் பாருங்கள், நாலு அடி தள்ளிப் போய் மறுபடி பாருங்கள். கான்கிரீட்டுக்குள் ஓடும் முறுக்குக் கம்பி வடக்கைக் கண்டபடி வளைக்கும். அடுக்குமாடி வீடுகளில் செல்போனைக் கையில் பிடித்து ஈசானிய மூலையைத் துல்லியமாகக் குறித்துக் கொடுக்கும் வாஸ்து நிபுணர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்கலாம். பைக் டேங்கின் மேல், காரின் டேஷ்போர்டில், இரும்புக் கைப்பிடி போட்ட காட்சி மேடையில் என எல்லா இடத்திலும் இதே கதைதான். முள் கம்பாஸும் இதற்குத் தப்பாது. பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், கொலாபாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்துவந்த காந்த ஆய்வையே 1904-ல் அலிபாகுக்கு மாற்றினார்கள். அங்கே கட்டடத்தைக் காந்தத் தன்மை இல்லாத போர்பந்தர் கல்லால் எழுப்பினார்கள். அளப்பவர்களுக்கு அத்தனை எச்சரிக்கை தேவைப்பட்ட சமாசாரம் இது.

சரி, பத்து டிகிரி தப்பினால்தான் என்ன? ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 175 மீட்டர் விலகியிருப்போம். அகலமான பள்ளத்தாக்கில் அது ஒன்றுமே இல்லை. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் அது உயிர்ப் பிரச்சினை. 1,345 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் தலை மேசைபோல் தட்டை. பனி மூடிவிட்டால் பாதை தெரியாது, இரண்டு பக்கமும் செங்குத்துப் பிளவுகள். ஆகவே இறங்குவோர்க்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: உச்சிக் கற்குவியலிலிருந்து மேப்பின் கட்டக்கோட்டுக் கணக்கில் 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரியில் சரிவு ஆரம்பிக்கும் வரை. முதல் துண்டில் அதிகம் நடந்தாலும் ஆபத்து, இரண்டாவதில் கோணம் பிசகினாலும் ஆபத்து. இந்த மாதிரி இடத்தில் பிழை வரம்பு சொல்லாத எண்ணை நம்பி நடப்பது சூதாட்டம். அதே மலையில் 2021 ஜூலையில் வேறொரு சர்ச்சையும் எழுந்தது. கூகுள் மேப்ஸ் உச்சிக்குக் காட்டிய வழி உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்று ஜான் மியூர் அறக்கட்டளையும் ஸ்காட்லாந்து மலையேற்ற அமைப்பும் வெளிப்படையாக எச்சரித்தன.

பிரிட்டனில் ‘மேப்பும் கம்பாஸும் இல்லாமல் மலைக்குப் போகாதே’ என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. வரப்பு, வேலி, ஒற்றையடிப் பாதை வரை குறித்த அரசு வரைபடம் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். நம்மூரில் நிலைமை வேறு. இந்திய நிலஅளவைத் துறையின் வரைபடங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கட்டுப்பாட்டில் இருந்தவை. பொதுப் பயன்பாட்டு வரிசை மேப்புகளை ஆதார் எண் கொடுத்து இலவசமாக இறக்கிக்கொள்ளும் வசதி 2017-ல்தான் வந்தது. வரைபடத் தரவுக் கொள்கை உண்மையாகத் தளர்ந்தது 2021 பிப்ரவரியில். அந்த மேப்புகளிலும் இன்றைய காட்டுப் பாதைகளைத் தேடினால் ஏமாற்றம்தான். பாதை போட்ட மேப் இல்லாத இடத்தில் வெறும் முள் கம்பாஸ் வடக்கை மட்டும் சொல்லும். வடக்கு தெரிந்து என்ன செய்வது? இறங்க வேண்டிய பாதை எங்கே என்பதல்லவா கேள்வி. அந்த வகையில் வெளிநாட்டு அறிவுரையை அப்படியே நகலெடுத்து ‘போனை வீட்டில் வை’ என்று இங்கே எழுதுவது பொறுப்பில்லாத பேச்சு. செயற்கைக்கோள் வழியே அபாயச் செய்தி அனுப்பும் கருவியை எடுத்துப் போங்கள் என்பதும் அப்படித்தான். உரிமம் இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருந்தால் வழக்கு வரும். அப்படி எடுத்து வந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டவர்கள் உண்டு.

நம் காடுகளில் விதியும் வேறு. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு அனுமதியும் வழிகாட்டியும் இல்லாத மலையேற்றம் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 தடங்களோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். அவர் போனை எடுப்பதே படம் பிடிக்கத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. ஓடை எந்தப் பக்கம் விழுகிறது, யானைத் தடம் எதிலே சேர்கிறது என்பதை வைத்து அவர் நடக்கிறார். ஆக நமக்குப் போன் தேவைப்படுவது வழி நடத்த அல்ல, கூட்டத்திலிருந்து பிரிந்துபோன பத்து நிமிடத்துக்கு. அந்தப் பத்து நிமிடம் சாதாரணமானதல்ல. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யான் சௌமன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், காட்டிலும் பாலைவனத்திலும் மனிதர்களை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவரை நேராகவே போனார்கள். மேகம் மூடிய காட்டில், நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே வட்டமடித்துத் தங்கள் தடத்தையே கடந்தார்கள். நம் நெஞ்சு சொல்லும் ‘நேரே’ என்பதைவிட 15 டிகிரி தப்பாகக் காட்டும் போன் எவ்வளவோ நல்லது. இந்தக் கட்டுரையில் போனுக்கு ஆதரவாக நான் வைக்கும் மிகப் பெரிய வாதம் இதுதான்.

தப்பைக் குறைக்க ஆகும் செலவு ஐந்து நிமிடம். வண்டியை விட்டு நாலு எட்டுத் தள்ளி வந்து, காந்தக் கவரைக் கழற்றி, எட்டுப் போட்டு, காலைச் சூரியனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். நம் அட்சரேகையில், ஆண்டின் எந்த நாளிலும், சூரியன் நேர்கிழக்கிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ சுமார் 24 டிகிரிக்குள்தான் உதிக்கிறது. எந்த மாதம் என்று தெரிந்தால் இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் நிழல் காலடியிலேயே கிடப்பதால் மதியத்தில் நிழலை வைத்துத் திசை பார்க்கும் வித்தை அந்த மாதங்களில் உதவாது. துருவ நட்சத்திரமும் இங்கே அடிவானத்துக்குப் பத்து டிகிரி மேலேதான் நிற்கும், எதிர்மலை மறைத்துவிடும். சார்ஜ், மழை, விரலைக் கேட்காத ஈரத் திரை பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: சிக்னல் இல்லாத காட்டில் டவரைத் தேடித் தேடித்தான் போன் சாகிறது. ஃப்ளைட் மோடில் போட்டாலும் இன்றைய போன்கள் பெரும்பாலானவற்றில் ஜிபிஎஸ் ஓடும். ஐபோனின் திசைகாட்டிச் செயலியில் வட்டத்துக்குக் கீழே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் வருகின்றன. சிக்னல் ஒரு கோடு வந்ததும் 112-ஐ அழைத்துப் படித்துக் காட்ட வேண்டியவை அவைதான்.

இத்தனைக்கும் பிறகு முள் கம்பாஸ் ஒன்றையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை, எடை ஐம்பது கிராம்கூட வராது. ஆனால் இரண்டு விஷயம். குளிர்நாட்டுக்காகச் செய்யப்பட்ட கம்பாஸில், அங்கே வடமுனை கீழே இழுபடுவதை ஈடுகட்ட முள்ளின் தென்பக்கத்தைச் சற்றுக் கனமாக்கியிருப்பார்கள். அது நம்மூரில் தெற்குப் பக்கம் தலை சாய்த்து அடியில் உரசும், வாங்கும்போது எந்த மண்டலத்துக்குரியது என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, அதைப் போன் இருக்கும் பையில் போடக் கூடாது. போன், கவர் ஆகியவற்றின் காந்தம் நெருங்கிக் கிடந்தால் முள்ளின் காந்தமே தலைகீழாகிச் சிவப்பு முனை தெற்கைக் காட்டத் தொடங்கிவிடலாம். பிரிட்டனின் மலையேற்ற அமைப்புகள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகின்றன. போன் போனால் உதவட்டும் என்று எடுத்து வைத்த கம்பாஸைப் போனே கெடுத்துவிடாமல் இருக்க, ஒன்றைச் சட்டைப் பையிலும் மற்றதை முதுகுப் பையின் மேல்மூடியிலும் வைத்துக்கொண்டால் போதும்.